பின்வாசல் இல்லாத அச்சகம்

அச்சகம் நடத்துகிறவர் வீட்டுக்குப் பின்வாசலே இருக்கக் கூடாது. 1663-இல் லண்டனில் ஒருவர் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்த யோசனைகளில் இதுவும் ஒன்று. ஆகாத புத்தகம் போட்டால் மரணம், உறுப்பைச் சிதைத்தல், சிறை, நாடுகடத்தல் என்று பெரிய தண்டனைகளை அடுக்கிவிட்டு, சில்லறைக் குற்றவாளிகளை என்ன செய்யலாம் என்றும் மெனக்கெட்டு யோசித்திருக்கிறார். தொப்பியில் பட்டைக்குப் பதிலாகத் தூக்குக் கயிற்றைக் கட்டிக்கொண்டு அலையட்டும். அல்லது ஒரு காலில் நீலக் காலுறை, மறு காலில் சிவப்புக் காலுறை போட்டுக்கொண்டு ஊர் சிரிக்க நடக்கட்டும்.

நமக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் எழுதிய சூட்டோடு சூடாக அவருக்கு அச்சகங்களைக் கண்காணிக்கும் பதவி கிடைத்தது. ஒரு வருஷம் முடிவதற்குள் ஓர் அச்சுக்காரரின் தலை லட்கேட் நகரவாசலில் செருகப்பட்டிருந்தது.

யோசனை எழுதியவர் பெயர் ரோஜர் லெஸ்ட்ரேஞ்ச். இங்கிலாந்தில் முடியாட்சி மீண்ட 1660-க்குப் பிறகு வந்த இருபது முப்பது வருஷத்துப் புத்தகங்கள்மேல் எனக்குக் கொஞ்சகாலமாகவே கிறுக்கு. மில்டன், ஹூக், பனியன் என்று பெரிய தலைகளைத் தேடிப் போய்க் கடைசியில் இந்த மனிதரிடம் மாட்டிக்கொண்டேன். என் கட்சி இதுதான்: அந்தக் காலத்துத் துண்டுப்பிரசுரங்களை லெஸ்ட்ரேஞ்ச் அளவுக்கு ஊன்றிப் படித்தவர் வேறொருவர் இல்லை. ஒழித்துக்கட்டத்தான் படித்தார். ஆனாலும் எழுத்துவிடாமல் படித்தார். திருட்டுத்தனமாக அச்சடித்தவர்களைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அவருடைய புகார்களிலும் சாட்சியங்களிலும் இருந்துதான் கிடைக்கிறது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1640-களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது தணிக்கை உடைந்துபோனது. ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். ஜார்ஜ் தாமஸன் என்ற புத்தகக் கடைக்காரர் 1640-லிருந்து 1661 வரை கைக்குக் கிடைத்த பிரசுரத்தையெல்லாம் சேர்த்துவைத்தார், வந்த தேதியைப் பலவற்றின் முகப்பிலேயே எழுதியும் வைத்தார். சுமார் 22,000 உருப்படிகள். இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் கூச்சலுக்கு நடுவேதான் 1649-இல் முதலாம் சார்லஸின் தலை போனது. 1660-இல் மகன் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தபோது ராஜ விசுவாசிகளுக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. அப்பாவின் கழுத்தில் கோடரி இறங்கும் முன்பே அச்செழுத்து இறங்கிவிட்டது என்று நம்பினார்கள்.

ஆகவே 1662-இல் சட்டம் வந்தது. லண்டனில் முதலாளி அச்சுக்காரர்கள் 20 பேருக்கு மேல் கூடாது. எழுத்து வார்ப்பவர்கள் 4 பேர். லண்டன், யார்க், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் தவிர வேறு எந்த ஊரிலும் அச்சகம் கிடையாது. சட்டப் புத்தகத்துக்கு நீதித்துறைப் பெரியவர்கள் அனுமதி, வரலாற்றுக்கும் அரசியலுக்கும் அரசுச் செயலர் அனுமதி, மதம் தத்துவம் எல்லாவற்றுக்கும் பேராயர் அல்லது லண்டன் பிஷப் அனுமதி. வாரண்டும் ஒரு கான்ஸ்டபிளும் இருந்தால் எந்த அகாலத்திலும் கதவைத் தட்டலாம். அப்போது லண்டனில் சுமார் 60 அச்சகங்கள் இருந்ததாக லெஸ்ட்ரேஞ்சே கணக்குச் சொல்கிறார். 60-ஐ 20 ஆக்கினால் மீதி 40 பேர் எங்கே போவார்கள்? வயிற்றுப்பாட்டுக்கு எதையாவது அச்சடிக்கத்தான் செய்வார்கள். சட்டத்தின் ஓட்டை அதற்குள்ளேயே இருந்தது.

லெஸ்ட்ரேஞ்சுக்கு இதில் சொந்தக் கணக்கும் உண்டு. 1644-இல் ராஜாவுக்காக லின் துறைமுக நகரைப் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டவர். மரண தண்டனை விதித்து, நிறைவேற்றாமல், ஏறக்குறைய நாலு வருஷம் நியூகேட் சிறையில் வைத்திருந்தார்கள். சங்கீதக்காரரும்கூட, முடியாட்சியைக் கவிழ்த்த க்ராம்வெல்லின் காதுக்கு வாசித்தவர் என்று எதிரிகள் அவருக்குப் ‘பிடில்காரன்’ பட்டம் கட்டினார்கள். அவர் மட்டும் சளைத்தவரா? 1660-இல் கவிஞர் மில்டனுக்குப் பதிலடியாக எழுதிய பிரசுரத்துக்கு, குருட்டு வழிகாட்டிகள் வேண்டாம் என்று பொருள்படத் தலைப்பு வைத்தார். மில்டன் அதற்குப் பல வருஷம் முன்பே இரு கண்ணும் இழந்தவர். இந்த லட்சணத்தில்தான் விவாதம் நடந்தது.

அந்த 1663 யோசனை நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியது தண்டனைப் பட்டியல் அல்ல. யார் யாரைக் கண்காணிக்க வேண்டும் என்று அவர் போடும் பட்டியல். எழுதுகிறவர், அச்சிடுகிறவர் மட்டுமா? எழுத்து வார்ப்பவர், அச்சு எந்திரம் செய்யும் கொல்லர், தச்சர், தாள் தைப்பவர், பைண்டர், தெருவில் கூவி விற்பவர், பிரசுரங்களை மொத்தமாக எடுத்துச் சில்லறைக்குப் பிரித்துக் கொடுக்கும் பெண்கள், பாட்டுப் பிரசுரம் பாடி விற்பவர், தபால்காரர், வண்டிக்காரர், படகுக்காரர், மாலுமி என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு பிரசுரம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று புத்தக வரலாற்றுக்காரர்கள் இன்று ஆராய்ச்சி செய்து சொல்வதை இவர் அன்றே போலீஸ் புத்தியோடு எழுதிவைத்துவிட்டார்.

இது விளங்க, அந்தக் கால அச்சகத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். துண்டுப்பிரசுரம் பெரும்பாலும் குவார்ட்டோ அளவு: ஒரு முழுத் தாளை இரண்டு தரம் மடித்தால் 4 இலை, 8 பக்கம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி சேர்த்து, பக்கம் சேர்த்து, இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கினால் ஒரு பாரம். (நம் ஊர் ட்ரெடில் அச்சகங்களில் பழகிய பெரியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.) தாளை முன்கூட்டியே நனைத்து வைப்பார்கள், நனைந்த தாள்தான் மையை இழுக்கும். மை என்பது காய்ச்சிய ஆளி எண்ணெயும் விளக்குக் கரியும். உள்ளே கம்பளி திணித்த தோல் பந்துகள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பாரத்தில் மை ஒத்துவார், இன்னொருவர் மரச் சட்டத்தில் பொருத்திய திருகை நெம்புகோலால் இழுத்து அழுத்துவார். ஓட்டமான நாளில் ஒரு மணிக்கு 250 தாள், அதுவும் ஒரு பக்கம் மட்டும். அச்சான தாள்களைக் கூரைக்குக் கீழே கொடியில் துணி காயப்போடுவது போலத் தொங்கவிடுவார்கள். ஜோசப் மாக்ஸன் என்பவர் 1683-84-இல் இதையெல்லாம் வேலை தெரிந்தவர் பாணியில் விலாவாரியாக எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் அச்சுத்தொழிலுக்கு வந்த முதல் முழுக் கையேடு அதுதான்.

இப்படிப்பட்ட வேலையை ரகசியமாகச் செய்வது எப்படி? மரம் முனகும். தெருவுக்குக் கேட்கும். ஈரத் தாளை மறைக்க இடம் கிடையாது. வேலையாள்கள் இரண்டு மூன்று பேராவது வேண்டும், அதில் ஒருவன் பொடியனாக இருப்பான், அவனை மிரட்டினால் எல்லாம் வந்துவிடும். லெஸ்ட்ரேஞ்சுக்கு இத்தனையும் அத்துப்படி.

1663 அக்டோபர். ஸ்மித்ஃபீல்டு சந்தைக்கு அருகே க்ளாத் ஃபேர் தெருவில் ஜான் ட்வின் என்ற ஏழை அச்சுக்காரரின் வீடு. விடியற்காலை 4 மணிவாக்கில் லெஸ்ட்ரேஞ்ச், கான்ஸ்டபிளும் அரசு ஆள்களும் சூழ, வாசலில் நிற்கிறார். உள்ளே வேலை நடக்கும் சத்தம். தட்டுகிறார்கள். அரை மணி நேரமாவது தட்டியிருப்போம் என்று அவரே பின்னால் சாட்சி சொன்னார். அந்த அரை மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? பாரத்தைக் கலைத்துக் கொட்டினார்கள். அச்சான தாள்களை அப்புறப்படுத்தப் பார்த்தார்கள். கதவு திறந்தபோது பாரத்தில் ஒரு மூலை மட்டும் உதிராமல் நின்றிருந்தது. கிடைத்த தாளோடு அந்த மூலையை ஒப்பிட்டுப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது.

ஒரு நிமிஷம் அந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். தரையெல்லாம் ஈய எழுத்து சிதறிக் கிடக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் ஒரு மனிதர் குனிந்து, மிச்சமிருக்கும் ஒரு கைப்பிடி அளவு எழுத்தைத் தலைகீழாகப் படித்துத் தாளோடு சரிபார்க்கிறார். அச்செழுத்து கண்ணாடி பிம்பமாக இருக்கும். பழக்கம் இல்லாதவரால் படிக்க முடியாது. ட்வினின் உயிர் அந்த மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ட்வின் அச்சடித்துக்கொண்டிருந்த நூலின் விஷயம் விபரீதமானதுதான். அரசன் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன், தவறினால் ஜனங்களே எழுந்து தண்டிக்கலாம் என்பது சாரம். 1664 பிப்ரவரியில் ஓல்டு பெய்லியில் விசாரணை. ராஜாவின் சாவை எண்ணுவதே ராஜத்துரோகம் என்று சொன்ன, 1351-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஜோசப் வாக்கர் என்ற, ட்வினின் பயிற்சிப் பையனே முக்கிய சாட்சி: எந்தப் பகுதியைத் தான் கோத்தது, மெய்ப்பை முதலாளி எப்படித் திருத்தியது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சரக்கு காரமானது, எழுதினவன் கொதிப்புக்காரன் என்று ட்வின் தன்னிடம் ஒப்புக்கொண்டதாக லெஸ்ட்ரேஞ்ச் சொன்னார். ட்வினோ, தான் ஒரு வார்த்தையும் படிக்கவில்லை, மூன்று சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், இரக்கம் காட்டுங்கள் என்று கெஞ்சினார். தலைமை நீதிபதி ஹைட், இந்த வழக்கில் பெற்ற தகப்பனே நின்றாலும் தான் சிபாரிசு செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டைபர்னில் தூக்கிலிட்டு, உடலை நாலு கூறாக்கினார்கள்.

படிக்கவில்லை என்று ட்வின் சொன்னதை நான் நம்பவில்லை. கோத்த எழுத்தைத் திருத்தியவர் எப்படிப் படிக்காமல் இருப்பார்? ஆனால் எழுதியவர் யார் என்பதை அவர் கடைசிவரை வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். எழுதியவர் அகப்படவில்லை, ஈயம் கோத்தவர் போய்ச் சேர்ந்தார்.

இந்த விவரமெல்லாம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதே 1664-இல் விசாரணை முழுவதையும் ஒரு பிரசுரமாகப் போட்டு விற்றார்கள். விற்றவர் ஹென்ரி ப்ரோம், லெஸ்ட்ரேஞ்சின் நூல்களை வழக்கமாக வெளியிடும் கடைக்காரர். மற்ற அச்சுக்காரர்கள் படித்துப் பயப்பட வேண்டும் என்பது நோக்கம்.

ட்வினுக்கு அடுத்தபடியாக விசாரிக்கப்பட்டவர்கள் மூன்று பேர்: புத்தகக் கடைக்காரர் தாமஸ் ப்ரூஸ்டர், அச்சுக்காரர் சைமன் டோவர், பைண்டர் நேதன் ப்ரூக்ஸ். அபராதம், மரப் பலகையில் கழுத்தை மாட்டி நிறுத்துதல், சிறை. ப்ரூஸ்டரும் டோவரும் அந்த வருஷமே செத்துப்போனார்கள். தொல்லை ஒழிந்தது என்று லெஸ்ட்ரேஞ்ச் நினைத்திருந்தால் அது தப்புக்கணக்கு. அன் ப்ரூஸ்டர், ஜோன் டோவர், இவர்களுக்கு முன்பே கணவரைப் பறிகொடுத்த எலிசபெத் கல்வர்ட் என்று விதவைகள் மூவரும் தொழிலை விடவில்லை. ட்வினுக்குக் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்ததே கல்வர்ட் வீட்டு வேலைக்காரி என்றுதான் சாட்சியம். கல்வர்ட் அம்மாள் எத்தனை தடவை கைதானாலும் வெளியே வந்து மறுபடி கடையைத் திறந்தார். ஜோன் டோவர் ஜான் டார்பி என்ற அச்சுக்காரரை மறுமணம் செய்துகொண்டார். பதினாலு வருஷம் கழித்து, போப்பிசமும் சர்வாதிகாரமும் நாட்டில் வளர்வதாகச் சொன்ன ஆண்ட்ரூ மார்வெலின் அநாமதேயப் பிரசுரம் வெடித்தபோது (முகப்பில் ஆம்ஸ்டர்டாம் என்று பொய் விலாசம்), லெஸ்ட்ரேஞ்ச் மோப்பம் பிடித்துப் போய் நின்ற இடம் எது? அன் ப்ரூஸ்டர், ஜான் டார்பி. பழைய அதே கூட்டம். அச்சுக்காரரைக் காட்டிக்கொடுத்தால் 50 பவுண்டு, அச்சுக்குக் கொண்டுபோனவரைக் காட்டிக்கொடுத்தால் 100 பவுண்டு என்று அரசிதழில் அறிவிப்பே போட்டிருந்தார்கள். மார்வெல் அந்த 1678 ஆகஸ்டில் காலமாகி, யாருக்கும் சிக்காமல் போய்விட்டார்.

அரசிதழ் என்றதும் இன்னொன்று. பொதுஜனத்துக்குச் செய்தித்தாளே ஆகாது, படித்தால் பெரிய மனிதர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கத் தோன்றும் என்று நினைத்தவர் லெஸ்ட்ரேஞ்ச். அதை எங்கே எழுதினார் என்றால், 1663 ஆகஸ்டில் தானே தொடங்கிய செய்தித்தாளின் முதல் இதழில்! செய்தி அச்சிடும் ஏகபோக உரிமை அவருக்குப் பதவியோடு சேர்ந்து கிடைத்தது. ஆனால் அதில் அவர் சோபிக்கவில்லை. 1665-இல் பிளேக் நோய்க்குப் பயந்து அரசவை ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஓடியபோது அங்கே தொடங்கிய ‘ஆக்ஸ்ஃபோர்டு கெஜட்’ அவருடைய தாள்களை ஓரங்கட்டியது. 1666 பிப்ரவரியில் 24-ஆவது இதழிலிருந்து அது ‘லண்டன் கெஜட்’ ஆனது, இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

சட்டம் இப்படி இறுக்கியதால் உருப்படியான புத்தகமே வரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். ராபர்ட் ஹூக்கின் ‘மைக்ரோகிராஃபியா’ 1665 தொடக்கத்தில் வந்தது. தெள்ளுப்பூச்சியை மடிப்புத் தாளில் விரித்துப் பார்க்கும்படி பிரம்மாண்டமாக வரைந்திருந்தார். கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் ராத்திரி 2 மணி வரை விழித்து அதைப் படித்தார். அந்த நூலுக்கு அனுமதி தந்த விஞ்ஞானச் சங்கமான ராயல் சொசைட்டிக்குத் தனி அச்சு உரிமை இருந்ததால் பிஷப்பிடம் போய் நிற்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. பார்வையற்ற மில்டனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ‘பாரடைஸ் லாஸ்ட்’ பிரதியைப் பார்த்த பேராயரின் ஆள் டாம்கின்ஸ், சூரிய கிரகணத்தைக் கண்டு மன்னர்கள் கலங்குவதாக வரும் உவமையைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். பிறகு விட்டுவிட்டார். 1667 ஏப்ரல் 27-ஆம் தேதி அச்சுக்காரர் சாமுவேல் சிம்மன்ஸோடு ஒப்பந்தம்: கையில் 5 பவுண்டு, 1,300 பிரதி விற்றால் இன்னொரு 5 பவுண்டு. ‘பில்கிரிம்ஸ் ப்ரோக்ரஸ்’ 1678-இல் 1 ஷில்லிங் 6 பென்னிக்கு வந்தது. எழுதிய பனியன் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 12 வருஷம் சிறையில் கிடந்தவர். அதைத் தழுவித்தான் நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார்.

தணிக்கையைவிடப் பெரிய எமன் 1666 செப்டம்பரில் வந்தது. லண்டன் பற்றி எரிந்தபோது புனித பால் கோயிலைச் சுற்றியிருந்த புத்தகக் கடைக்காரர்கள், கல் கட்டடம் தாங்கும் என்று நம்பித் தங்கள் சரக்கையெல்லாம் கோயிலின் நிலவறையில் அடுக்கிப் பூட்டினார்கள். மேலே கூரை இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தது காகிதம், நாள்கணக்கில் எரிந்தது. எரிந்த தாள்கள் காற்றில் பறந்து விண்ட்சர் பக்கம் வரை போய் விழுந்ததாக பீப்ஸ் நாட்குறிப்பில் எழுதுகிறார். அவருடைய கடைக்காரர் கிர்ட்டன் ஏழெட்டாயிரம் பவுண்டு சொத்துக்காரராக இருந்தவர், இரண்டு மூவாயிரம் பவுண்டு கடன்காரர் ஆகிவிட்டார், மறுவருஷமே இறந்தும்போனார். தீக்கு முன் வண்ணம் தீட்டி பைண்டு செய்து 20 ஷில்லிங்குக்கு விற்ற, துருக்கிப் பேரரசைப் பற்றிய ரைகாட்டின் நூலை 1667-இல் பீப்ஸ் 55 ஷில்லிங் கொடுத்து வாங்கினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் மூன்றாம் ஃபோலியோ பதிப்பு முந்தைய பதிப்புகளைவிட அரிதாகக் கிடைப்பதற்கு இந்தத் தீயையே காரணமாகச் சொல்வார்கள்.

1679-இல் நாடாளுமன்றக் குழப்பத்தில் 1662 சட்டம் காலாவதியானது. கத்தோலிக்கச் சதி பற்றி டைட்டஸ் ஓட்ஸ் கிளப்பிய புரளி ஊரெல்லாம் பற்றியெரிந்த நேரம் வேறு. மடை திறந்ததுபோல் பிரசுரங்கள். நார்சிஸஸ் லட்ரெல் என்ற வக்கீல் வாங்கியவற்றில் விலையையும் தேதியையும் குறித்துவைத்தார். ஒரு பென்னி, இரண்டு பென்னி, சிலது இனாம். ஓர் ஊர்வலத்தில் லெஸ்ட்ரேஞ்சின் உருவத்தை நாயாகச் செய்து கொளுத்தினார்கள். அவர் கொஞ்சநாள் ஊரைவிட்டே ஓடினார்.

திரும்பி வந்து 1681-இல் அவர் செய்ததுதான் வேடிக்கை. பிரசுரத்தை ஒடுக்கச் சட்டம் இல்லை, எனவே தானே பிரசுரக்காரர் ஆனார். ‘அப்சர்வேட்டர்’ என்று ஒற்றைத் தாள், இரண்டு பத்தி, இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்கிற கேள்வி பதில் நடை. சந்தைத் தெருப் பேச்சு, வசவு, நையாண்டி எல்லாம் கலந்து ஆறு வருஷத்தில் 900-க்கு மேற்பட்ட இதழ்கள். இருபது வருஷமாகத் தான் பறிமுதல் செய்த பிரசுரங்களின் வித்தையெல்லாம் அவர் கைக்கு வந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த நடை காகிதத்தில் இன்றும் சுறுசுறுப்பாக இருக்கிறது, அவருடைய அரசியல் எனக்கு அறவே ஆகாது என்றாலும்.

1685-இல் உயிர்பெற்ற சட்டம் 1695-இல் ஒரேயடியாகச் செத்தது. சுதந்திரம் பற்றி யாரும் வீர உரை நிகழ்த்தி அதைக் கொல்லவில்லை. தத்துவவாதி ஜான் லாக் உட்பட எதிர்த்தவர்கள் சொன்ன காரணங்கள் பெரும்பாலும் வியாபாரக் காரணங்கள்: புத்தக வியாபாரிகளின் ஒரு சங்கத்துக்கு மட்டும் ஏகபோகம், வெளிநாட்டுப் புத்தகப் பெட்டிகள் துறைமுகத்தில் கிடந்து கெடுகின்றன, விலை ஏறுகிறது. கடைக்காரர் புலம்பலில் போய்ச் சேர்ந்தது தணிக்கை.

லெஸ்ட்ரேஞ்ச் அதற்குள் 1688 புரட்சியில் பதவி இழந்து, சிறைக்கும் போய்வந்து, புத்தகக் கடைக்காரர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். 1692-இல் அவர் கொண்டுவந்த ஈசாப் கதைகள் நன்றாக விற்றன. 1702-இல் பழைய யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸின் நூல்கள். 1704 டிசம்பரில், 88 வயது நிறைய ஒரு வாரம் இருக்கும்போது இறந்தார். 1700 வரை வந்த ஆங்கில நூல்களில் 25,000 சொச்சத்தின் தட்டச்சுப் பிரதிகள் 2015-இல் எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிடப்பட்டன; பிறகு இன்னும் நிறையச் சேர்ந்திருக்கின்றன. தொடங்குவதானால் ட்வின் விசாரணை நூலில் தொடங்குங்கள். இழுவையான சட்டப் பேச்சைத் தள்ளிவிட்டு வாக்கர் சாட்சி சொல்லும் பகுதிக்கு நேரே போகலாம். யாராவது அதைத் தமிழில் கொண்டுவந்தால் முதல் பிரதியை எனக்கு எடுத்துவையுங்கள்.